ஓரத்து மூட்டைகள்

நவம்பர் 13, சனி

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்தால் தயவுசெய்து மூடிவிடுங்கள். மூட மனம் வராவிட்டால் படியுங்கள், ஆனால் ஒருவரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டாம். ஏகாம்பரம் மாமாவிடம் வேண்டவே வேண்டாம். ரெபேக்கா கண்ணில் படக்கூடாது. நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் உங்களிடம் கேட்க முடிகிறது.

என் பெயர் யமுனா. பத்தாம் வகுப்பு. இது சமூக அறிவியல் நோட்டின் பின்பக்கம். முன்னால் பாடம் இருக்கிறது, அதனால் வீட்டில் யாரும் புரட்ட மாட்டார்கள். அம்மா தூங்கிய பிறகு சார்ஜ் லைட்டைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று முன்தினம், வியாழக்கிழமை சாயந்தரம், எங்கள் ஏரி உடைந்தது.

எங்கள் ஊர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவில் ஏரி. அதன் கிழக்கே கரை, கரைக்குக் கீழே வயல், வயலைத் தாண்டி மேட்டில் எங்கள் தெருக்கள். மேற்கே, மழைத் தண்ணீர் ஏரிக்கு வந்து சேரும் பக்கத்தில், முன்பு மாடு மேய்ந்த இடத்தில் இப்போது மலர் நகர் இருக்கிறது. கார் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் கடன் வாங்கி வீடு கட்டியிருக்கிறார்கள். ரோஜா தெரு, முல்லை தெரு, தாமரை தெரு. தாமரை தெருதான் எல்லாவற்றிலும் பள்ளம். என் வகுப்புத் தோழி ரெபேக்கா வீடு அங்கேதான்.

ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் தானாக வழிவதற்குக் கரையின் தெற்கு முனையில் ஒரு கல் சுவர் உண்டு. கலங்கல் என்போம். அதன் மேல் ஒரு சாண் உயர்த்தினால் மலர் நகரில் முழங்கால் தண்ணீர். ஒரு சாண் குறைத்தால் எங்கள் நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் இருக்காது. அப்பா சொல்வார்: "ஏரி ரொம்பினா மேல கீறவன் அழுவான், வத்துனா கீழ கீறவன் அழுவான். ரெண்டு நாளும் சிரிக்கறவன் மீன் குத்தகைக்காரன் ஒருத்தன்தான்."

மீன் குத்தகை ஏகாம்பரம் மாமாவுடையது. அப்பா அவரிடம் ஏரிக் காவல். மீன் வழிந்து ஓடிவிடாமல் இருக்கக் கலங்கல் மேல் வலை கட்டி, மண் மூட்டை இரண்டு வரிசை அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அடுக்குவதுதான்.

கல் சுவர் முடிந்து மண் கரை தொடங்கும் இடத்தில் உடைப்பு. யாரோ வெட்டிவிட்டார்கள் என்று ஊரில் பேசுகிறார்கள். நான் அப்போது வீட்டில் படித்துக்கொண்டிருந்தேன்.

விரல் வலிக்கிறது. மீதி நாளைக்கு.

நவம்பர் 14, ஞாயிறு

காலையிலிருந்து மணல் அள்ளினோம். எங்கள் முக்கால் காணியில் பயிர் தெரியவே இல்லை. ஏரியின் வயிற்றில் இருந்த மணல் எல்லாம் வயலுக்கு வந்துவிட்டது. அப்பா மண்வெட்டியால் இழுத்துப் போட, அம்மாவும் நானும் கூடையில் சுமந்து வரப்பில் கொட்டினோம். ஐம்பது கூடை வரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை. திரும்பிப் பார்த்தால் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத்தான் பச்சை தெரிந்தது.

பக்கத்து வயல் சித்தப்பாவுடையது. அவருடைய இரண்டு கன்றுக்குட்டிகள் தண்ணீரோடு போய்விட்டன. அவர் மணல் அள்ளவில்லை. வரப்பில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் பேசினார்.

"தண்ணி உள்ள வந்தா கலெக்டருக்கு மனு போடு. கரைய வெட்டுவியா? சோறு துன்றவனா நீ?"

சித்தி சொன்னாள்: "அவங்கோ அரிசி கடையில வெளையுதுன்னு நெனச்சிகினு கீறாங்கோ."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. என்ன தெரிந்துவிடும் என்று கேட்காதீர்கள்.

மதியம் போலீஸ் ஜீப் மலர் நகருக்குள் போனது. ரெபேக்காவின் அப்பா ஜெபதுரை அங்கிளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊர் ஆண்கள் எனக்கு மாமா, சித்தப்பா. நகர் ஆண்கள் எல்லோரும் அங்கிள். அது எப்படி ஆரம்பித்தது என்று தெரியவில்லை.

அவர் பேரில் சந்தேகம் வரக் காரணம், போன திங்கட்கிழமை டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் கத்தியிருக்கிறார்: "மூட்டைய நீங்க எடுக்கலேன்னா நானே கடப்பாரையோட வந்து ஒடச்சிப் போடுவேன்." அவர் வீட்டில் கடப்பாரையும் இருந்தது. எந்த வீட்டில்தான் இல்லை?

அம்மா என் விரல்களைப் பார்த்துவிட்டாள். மூன்று நகம் பிய்ந்திருக்கிறது. "மணல் கூடையிலயா?" என்றாள். ஆமாம் என்றேன். கூடை பிளாஸ்டிக் கூடை. அம்மா மஞ்சள் குழைத்துப் பூசினாள்.

நவம்பர் 15, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நகர் பிள்ளைகளின் இரண்டு பெஞ்சு காலி. வந்திருந்த ஒரே ஆள் முல்லை தெரு கார்த்திகேயன். அவனைப் பார்த்து, "இன்னாடா, உங்க தெருவுக்கு மீன் தெருன்னு பேர் வெக்கலாமா?" என்று தமிழ்வாணி கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

ரெபேக்கா சனிக்கிழமை காலையில் அனுப்பிய செய்தி அம்மாவின் போனில் அப்படியே இருக்கிறது. "தண்ணி எல்லாம் எறங்கிட்டுடி!! ஸ்தோத்திரம்! அம்மா தரையில நின்னு சமைக்காவ!!" நான் பதில் போடவில்லை. இப்போது அதைப் பார்க்கவே முடியவில்லை.

அங்கிளை இன்று கோர்ட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

நவம்பர் 16, செவ்வாய்

சாப்பாட்டுத் தூக்கு எங்கே என்று அம்மா மூன்றாவது தடவை கேட்டாள்.

நவம்பர் 17, புதன்

சாயந்தரம் ரெபேக்கா வீட்டுக்குப் போனேன். பாட நோட்டு கொடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். நகருக்கு யாரும் பால் ஊற்றக்கூடாது, ஆட்டோ ஓட்டக்கூடாது என்று ஊரில் பேசி வைத்திருக்கிறார்கள். நோட்டு கொடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஏரி வழியாகவே நடந்து போனேன். நடக்க முடிகிறது, அவ்வளவு காலி. குழிகளில் மட்டும் தண்ணீர். கொக்குகள் நிறைய. மலர் நகர் முழுக்க மதில் மேல் மெத்தை காயப் போட்டிருந்தார்கள். சுவர்களில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரே மட்டமாகக் கோடு. எல்லா வீட்டுக்கும் ஒரே கோடு.

ரெபேக்கா என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். அதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

ஆன்ட்டி கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். பால் இல்லையாம். "ஒங்க ஊர்ல எல்லாரும் அவியதான்னு சொல்லுதாவளாம்மா?" என்று கேட்டார்கள். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். "அன்னைக்கு சாயங்காலம் அவிய இந்தக் கட்டில்லதான் ஏறி நின்னாவ. சுவத்துல சாமான் ஏத்த ஆணி அடிச்சிக்கிட்டு. நாங்க சொன்னா யாரு கேக்கா? பெண்டாட்டி பிள்ள அப்படித்தான சொல்லும்ங்காவ."

பிறகு ரெபேக்கா சாதாரணமாக ஒன்று சொன்னாள். கோபத்தில் சொல்லவில்லை.

"அப்பா இந்த எடத்த வாங்குனதே உங்க அப்பாவ நம்பித்தான்டி."

ஏப்ரல் மாதமாம். ஏகாம்பரம் மாமாதான் மனை விற்றவர். சங்கிலி பிடித்து அளக்க எங்கள் அப்பா போயிருக்கிறார். ஜெபதுரை அங்கிள் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, நீங்க உள்ளூர்க்காரர். தண்ணி வருமா?" என்று கேட்டாராம். அப்பா காலால் தரையை உதைத்துக் காட்டி, "பாறை மாதிரி கீது சார். நான் சின்னதுலேர்ந்து பாக்கறேன். வராது" என்றாராம்.

சித்திரையில் எங்கள் பக்கம் எல்லா மண்ணும் பாறை மாதிரிதான் இருக்கும்.

திரும்பி வரும்போது ஏரிக்குள் இறங்கவில்லை. ரோடு வழியாக இரண்டு கிலோமீட்டர் சுற்றி வந்தேன்.

நவம்பர் 18, வியாழன்

இன்ஜினீயர் வந்து உடைப்பைப் பார்த்துவிட்டுப் போனார். நான் பள்ளியிலிருந்து வரும்போது ஜீப் நின்றுகொண்டிருந்தது. கலங்கல் மேல் மூட்டை ஒன்றுகூட இல்லை. வலையும் இல்லை. வெறும் கல், கழுவி விட்டது போல. உடைந்தது ஓரம்தான். நடுவில் இருந்த முப்பது மூட்டையும் எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை, ஏனென்றால் இருந்ததே அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். ஏரி உடைந்த மறுநாள் விடியும்முன், மூட்டைகளை எடுக்கச் சொல்லி ஏகாம்பரம் மாமா போன் செய்ய, அப்பா வீட்டை விட்டுப் போய், உடம்பெல்லாம் சேறாகத் திரும்பி வந்தார்.

இன்று ஏகாம்பரம் மாமா வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டே பேசினார். நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"தொர, கேஸ் நல்லா போவுது. நேர்ல பாத்த சாட்சி ஒண்ணு வேணும்றாரு எஸ்ஐ. நீதான காவல்? கடப்பாரையோட அந்தாள பாத்தேன்னு ஒரு கையெழுத்து."

அப்பா இருமும் சத்தம் கேட்டது.

"இன்னாப்பா, பாக்கலியா?"

"மழைண்ணா. கண்ணு தெரியல."

"மழையிலதான் பாத்திருக்க. நல்லா யோசி. யாரோ ஒருத்தன்னு கேஸ் போனா, மூட்டை யாரு அடுக்குனதுன்னு கேப்பாங்கோ. நான் சொல்ல மாட்டேன். அடுக்குன கையி சொல்லும்." பிறகு சிரித்தார். "செல்வராணி, வெங்காயம் கண்ணு எரியுதும்மா, கொஞ்சம் தள்ளி வெச்சு உரி."

அம்மா அடுப்பங்கரையில் இருந்தாள். உரித்தது நான்.

நவம்பர் 19, வெள்ளி

தூக்கு கிடைத்துவிட்டது.

யூரியா மூட்டைகளுக்குப் பின்னால், சாக்கில் சுற்றி வைத்திருந்தது. கோணி ஊசி தேடப் போனபோது கை பட்டது. சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறது. மூடியில் 'செ.ரா.' என்று அம்மா பெயரைப் புள்ளி குத்தியிருப்பார்கள், அதன் மேல் அப்பா கல்லால் தேய்த்து அழிக்கப் பார்த்திருக்கிறார். முழுதாக அழியவில்லை.

அப்பாவுக்குத் தெரியும். எட்டு நாளாகத் தெரியும்.

அன்றைக்கு நான் வீட்டில் படித்துக்கொண்டிருக்கவில்லை. முதல் நாள் எழுதியது பொய். உங்களிடமும் பொய் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை நாலரை மணிக்கு ரெபேக்கா போன் செய்தாள். அழுதுகொண்டே பேசினாள். கக்கூசு வழியாகத் தண்ணீர் பொங்கி வருகிறது, அம்மா கட்டில் மேல் அடுப்பை வைத்துச் சமைக்கிறார்கள், தம்பி தூங்குகிற இடத்தில் பாம்பு. "ஒங்க அப்பாகிட்ட சொல்லுடி. ரெண்டு மூட்டைய எடுத்தாக்கூடப் போதும்னு அப்பா சொல்லுதாவ."

அம்மா தூக்கில் சோறு போட்டுக் கொடுத்தாள். நான் குடையோடு கலங்கலுக்குப் போனேன். அப்பா அங்கே இல்லை. இன்னும் மூட்டை வேண்டும் என்று கேட்க ஏகாம்பரம் மாமா வீட்டுக்குப் போயிருந்தார். தண்ணீர் மூட்டையின் விளிம்பில் நின்றது. மழை கண்ணைத் திறக்க விடவில்லை. எதிர்க்கரையில் நகரின் வீடுகள் தண்ணீரில் நின்றதைப் பார்த்தேன்.

நடு மூட்டைகளில் வலை கட்டியிருந்தது. அவிழ்த்தால் மீன் போய்விடும், அப்பாவைத் திட்டுவார்கள். ஓரத்தில் வலை இல்லை. நிற்கவும் கரை இருந்தது. மூன்று மூட்டை எடுத்தால் யாருக்கும் தெரியாது, மழையில் சரிந்தது என்று நினைப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். ஈர மூட்டை அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்து காலால் உதைத்து, கையால் பிய்த்து, ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

தண்ணீர் சந்தோஷமாகப் போனது. அப்படித்தான் தோன்றியது. ரெபேக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் கல்லுக்குப் பக்கத்தில் இருந்த மண் ஒரு துண்டு விழுந்தது. பிறகு இன்னொரு துண்டு. நான் தள்ளிய மூட்டையையே எடுத்துத் திரும்ப வைக்கப் பார்த்தேன். அது கீழே போய்விட்டது. நான் உட்கார்ந்திருந்த இடம் அசைந்தது. ஓடிவிட்டேன்.

தூக்கும் குடையும் அங்கேயே. குடை எங்கே என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 20, சனி

மறுபடியும் மணல். அம்மா சித்தி வீட்டுக்குக் கூழ் கொண்டு போயிருந்தாள். அப்பாவும் நானும் மட்டும்.

ரொம்ப நேரம் அவர் மண்வெட்டி சத்தம்தான். பிறகு என்னைப் பார்க்காமல், மணலைப் பார்த்துச் சொன்னார்:

"மூட்டைய எடுக்கறதுன்னா நடுவுல எடுக்கணும். நடுவுல எடுத்தா தண்ணி கல்லு மேல வுழும். ஓரத்துல கை வெச்சா மண்ணு தாங்காது."

நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இத்த நான் யாருக்கும் சொல்லிக் குடுத்ததில்ல. அது என் தப்பு."

"அப்பா..."

"கூடையப் புடி. ரொம்ப ரொப்பாத, இடுப்பு புடிச்சிக்கும்."

கூடையை வரப்பில் கொட்டிவிட்டு வந்தேன். அவர் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். மலர் நகர் மொட்டைமாடித் தொட்டிகள் வரிசையாகத் தெரிந்தன.

"அவங்கோ போர்வெல்லுக்கும் இந்த ஏரித் தண்ணிதான். மாசில அங்கயும் வத்திடும். இதெல்லாம் அந்தாளுக்கு அன்னிக்கே சொல்லியிருக்கணும். தரையப் பாத்து சொன்னேன். மானத்தப் பாத்து சொல்லல."

அங்கிளைப் பற்றி அப்பா பேசியது இது ஒரு தடவைதான்.

ரெபேக்கா போன் செய்தாள். திங்கட்கிழமை ஜாமீன் மனு வருகிறதாம். ஊரிலிருந்து ஒரு சாட்சி கையெழுத்துப் போடப் போகிறார், போட்டால் ஜாமீன் கிடைக்காது, கம்பெனியில் வேலையும் போய்விடும் என்று வக்கீல் சொன்னாராம். "யாருடி அந்த சாட்சி? ஒனக்குத் தெரியுமா?"

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நவம்பர் 21, ஞாயிறு

சாயந்தரம் அப்பா குளித்தார். வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஏகாம்பரம் மாமா பைக்கோடு வாசலில் நின்றார்.

"சாட்சி சொல்லிட்டு வந்துடறேன்," என்று அம்மாவிடம் சொன்னார்.

"சோறு வெக்கட்டுமா?"

"வேணாம். நேரம் ஆவும்."

மஞ்சப் பையில் ஒரு துண்டும் மாற்று லுங்கியும் வைத்துக்கொண்டார். பிரஷர் மாத்திரையை ஒரு நாளுக்கு இல்லை, அட்டையோடு எடுத்து வைத்தார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பல்பொடிப் பொட்டலத்தை அவளே எடுத்து அந்தப் பையில் போட்டாள்.

ஏகாம்பரம் மாமா, "இன்னா தொர, கல்யாணத்துக்கா போற? ஒரு கையெழுத்துப்பா," என்று சிரித்தார்.

அப்பாவும் சிரித்தார். என் பக்கம் வந்து, என் கையைத் திருப்பி நகங்களைப் பார்த்தார். "நல்லா முளைச்சிடும்," என்றார். பைக்கில் ஏறினார்.

சாட்சி சொல்லப் போகிறவருக்கு எதற்கு மாற்று லுங்கி?

அவர் அங்கே போய் யார் பெயரைச் சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். அங்கிள் பெயரைச் சொல்ல மாட்டார். என் பெயரையும் சொல்ல மாட்டார். ஏகாம்பரம் மாமா பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே சொல்லிவிடுவார். இந்நேரம் சொல்லியிருப்பார்.

இப்போது மணி பதினொன்று. மழை திரும்பவும் வந்துவிட்டது. இனிமேல் பெய்தால் நிற்பதற்கு ஏரி இல்லை, தண்ணீர் நேரே வயலுக்கு வரும். இன்று அள்ளிய மணல் நாளைக்கு மறுபடி இறங்கும். களைப்பாக இருக்கிறது. பயப்படுவதும் களைப்பாகத்தான் இருக்கிறது.

முதல் பக்கத்தில் யாருக்கும் காட்டாதீர்கள் என்று கேட்டேன். அதை அடித்துவிடுகிறேன். விடிந்ததும் இந்தப் பக்கத்தைக் கிழித்து ஸ்டேஷனில் கொடுக்கப் போகிறேன். ரெபேக்காவிடம் அதற்கு முன்பே காட்ட வேண்டும். அவள் என்ன சொல்வாள் என்று யோசித்தால் எழுத முடியாது, அதனால் யோசிக்கவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

ஐயா, நவம்பர் 11 வியாழக்கிழமை மாலை ஐந்து மணி அளவில் கலங்கலின் வடக்கு ஓரத்தில், மண் கரையை ஒட்டி இருந்த மண் மூட்டைகளில் மூன்றை எடுத்தது நான். கரையை யாரும் வெட்டவில்லை. கடப்பாரை யாரும் கொண்டுவரவில்லை. ஜெபதுரை அங்கிள் அங்கே வரவில்லை. என் அப்பா துரைக்கண்ணுவும் அப்போது அங்கே இல்லை, அவர் ஏகாம்பரம் மாமா வீட்டில் இருந்தார், அது ஏகாம்பரம் மாமாவுக்கே தெரியும். மூட்டைகளை அடுக்கச் சொன்னதும், மறுநாள் எடுக்கச் சொன்னதும் அவர்தான். என் குடை உடைப்புக்குக் கீழே எங்கேயாவது மணலுக்குள் இருக்கும். நீலக் குடை, பிடியில் என் பெயர் எழுதியிருக்கும். தோண்டிப் பார்த்தால்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா தட்ட மாட்டார், இருமுவார். இது பலமாகத் தட்டுகிற கை. வெளியே பைக் சத்தம் கேட்கிறது.

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் தூங்கவே இல்லை போலிருக்கிறது. இருட்டில் என் போர்வையைப் பார்த்து மெதுவாகக் கேட்கிறாள்: "எழுதி முடிச்சிட்டியாடி? முடிச்சிடு. அதுவரைக்கும் நான் தொறக்க மாட்டேன்."

மறுபடியும் தட்டுகிறார்கள். குடை பற்றி எழுதியாகிவிட்டது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி, இதோ, இப்படிக்கு, து. யமு